சாவு என்று சீட்டு ஒட்டினவர்

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் மைக்செட்காரர் நடந்து வந்தால் பேச்சு நின்றுவிடும். மரியாதையால் இல்லை. தங்கள் குரல் அவர் காதில் விழுந்துவிடக் கூடாது என்ற பயத்தால். குழாயடியில் குடத்தோடு குடம் மோதிச் சண்டை போடும் பெண்கள்கூட அவர் தலை தெரிந்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். அவர் யாரையும் பார்க்காமல், வலது காதைக் கொஞ்சம் சாய்த்தபடி, தன் போக்கில் போவார். அவர் தெருமுனை திரும்பியதும் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கும். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். நானும் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பேன்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. பங்குனி உற்சவத்தில் ஒரு பட்டுக்கடை முதலாளி வருஷா வருஷம் மைக்கைப் பிடித்து அறிவிப்புச் செய்வார். கணீரென்ற குரல். ஒரு வருஷம் அவர் பேசி முடித்ததும் மைக்செட்காரர் ஆம்ப்ளிபையரை விட்டு எழுந்து போய், நாலு பெரிய மனிதர்கள் நிற்கும்போதே, “முதலாளி, தொண்டைய டாக்டர்கிட்ட காட்டுங்க. உள்ள இன்னாவோ இருக்குது” என்றார். முதலாளி சிரித்துவிட்டு இன்னும் சத்தமாகப் பேசிக் காட்டினார். அடுத்த உற்சவத்துக்கு அவர் உயிரோடு இல்லை. தொண்டையில் புற்று. அந்த வீட்டுப் பெண்கள் மைக்செட்காரரின் கடை வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினார்கள். “அவன் சொல்லாட்டி மட்டும் வராம பூடுமா?” என்று என் அப்பா வீட்டுக்குள் நியாயம் பேசினார். பேசினாரே ஒழிய, அதற்குப் பிறகு மைக்செட்காரர் எதிரில் தலையை ஆட்டியே பதில் சொல்லப் பழகிக்கொண்டார்.

மைக்செட்காரருக்கு அப்போது ஐம்பது வயது நெருங்கியிருக்கும். ஒல்லி. தும்பைப்பூ வேட்டி, அரைக்கைச் சட்டை, பையில் பேனாவுக்குப் பதில் டெஸ்டர். வீட்டில் மனைவி இல்லை. ஒருத்தி இருந்தாள் என்றும், அவள் குரலில் ஏதோ சரியில்லை என்று இவர் சொன்ன அன்று பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை என்றும் சொல்வார்கள். உண்மையா, கதையா தெரியாது. கேட்கிற தைரியம் யாருக்கு இருந்தது?

அவருடைய கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அப்பா தறியில் இருப்பார். நான் சுவரோரம் உட்கார்ந்து ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவேன். அந்தப் பக்கம் ஓடுகிற ரிக்கார்டு முழுவதும் எனக்கும் சேர்த்து ஓடும். என்னிடம் அவருக்குப் பிரியம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஒருநாள் நான் எதற்கோ வாய்விட்டுச் சிரித்துத் தொலைத்துவிட்டேன். அவர் எங்கள் வாசலில் வந்து நின்று, “இந்தப் பொண்ணு குரல்ல ஒரு கீறல் இல்லமா. நல்லா இருப்பா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

புது ரிக்கார்டுகளுக்கு அவர் தீர்ப்புச் சொல்லும் விதம் தனி. மதராஸிலிருந்து கட்டாக வாங்கி வருவார். உறையிலிருந்து எடுக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வார். நடுவில் வட்டமாக ஒட்டியிருக்கும் அச்சுச் சீட்டைப் படிக்காமலே அதன் மேல் ஒரு வெள்ளைத்தாளைப் பசை தடவி ஒட்டிவிடுவார்.

“ஏன் மாமா, யார் பாடினதுன்னு தெரியவேணாமா?” என்று கேட்டேன்.

“பேரைப் பாத்துட்டா காது பொய் சொல்லும்மா. பெரிய ஆளுன்னா நல்லாருக்குதுன்னு சொல்லும். தெரியாத ஆளுன்னா தூங்கிப்பூடும்.”

பிறகு முள்ளை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். வாயில் வெற்றிலை இருந்தால் மெல்லுவது நின்றுவிடும். பாட்டு முடிந்ததும் அந்த வெள்ளைத்தாளில் மையால் ஒரே ஒரு சொல் எழுதுவார். கல்யாணம், கோயில், சாவு, வேணாம். இந்த நாலில் ஒன்று. ‘வேணாம்’ என்று எழுதினது கட்டிலுக்கு அடியில் போய்விடும். எழுதினது எழுதினதுதான். அதை அடித்துத் திருத்தி யாரும் பார்த்ததில்லை.

ஊரே முணுமுணுத்த ஒரு பாட்டுக்கு அவர் ‘சாவு’ என்று எழுதிவைத்திருந்தார். ஒரு கல்யாண மாப்பிள்ளை அந்தப் பாட்டுத்தான் வேண்டும் என்று நின்றான்.

“அதைப் பாடறப்போ அந்த அம்மாவுக்கு உடம்பு சொகமில்ல. கல்யாணத்துக்கு ஆவாது” என்றார் இவர்.

“ஊரே பாடிக்கினு இருக்குது, உங்களுக்கு இன்னாய்யா?”

“ஊரு பாடட்டும்பா. என் குழாய்ல வராது.”

மாப்பிள்ளை கையை ஓங்கினான். அவர் மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர்களை அவிழ்த்தார், சைக்கிளில் கட்டினார், போய்விட்டார். குழாய் கட்டாத கல்யாணத்தை எங்கள் ஊரில் யாரும் கல்யாணத்தில் சேர்ப்பதில்லை. பெண்ணின் அப்பா கடைவாசலில் வந்து கைகட்டி நின்ற பிறகுதான் மைக்செட்காரர் திரும்பப் போனார். அந்தப் பாட்டு மட்டும் வரவில்லை.

அந்தக் கிட்டார் ரிக்கார்டு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரிய ரிக்கார்டு. பாட்டுக் குரலே கிடையாது. மடியில் படுக்கவைத்து, கம்பியின் மேல் இரும்புத் துண்டை இழுத்து வாசிப்பார்களே, அந்தக் கிட்டார். கூட மெல்லிய ஒரு தாளம். அவ்வளவுதான். ஆனால் அது கனத்த குரலில், கிணற்றுக்குள்ளிருந்து ஒருவர் அழுவதுபோல எழுந்தது. ஒவ்வொரு சுரமும் அடுத்ததற்குப் போக மனமில்லாமல் தங்கித் தங்கிப் போனது. என் கையில் தார் நின்றுவிட்டது. அப்பாவின் தறிச் சத்தமும் நின்றுவிட்டது.

மைக்செட்காரர் மற்ற ரிக்கார்டுகளை ஒரு தடவைக்கு மேல் கேட்கமாட்டார். இதைத் திருப்பித் திருப்பிப் போட்டார். நான் எட்டிப் பார்த்தபோது கண் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

“இவ்ளோ நல்லா ஒருத்தன் அழுது நான் கேட்டதில்லமா. இவன் எதையோ பொதச்சிட்டு வந்து வாசிச்சிருக்கான்” என்றார். பேனாவை எடுத்து, நிதானமாக, ‘சாவு’ என்று எழுதினார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் முதலில் அதுதான் ஒலித்தது. அதைக் கேட்டதும் உலையை இறக்கிவைத்துவிட்டு, “யாரு வீட்டுல?” என்று கேட்டபடி பெண்கள் வாசலுக்கு வருவார்கள். பிள்ளை உண்டானவள் இருக்கும் வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். தந்தி வருவதற்கு முன்னால் கிட்டார் வந்துவிடும் என்று என் தம்பி கேலி பேசுவான். அவனும் அதை வீட்டுக்குள் மட்டும்தான் பேசுவான்.

ஒருநாள் மத்தியானம், யாரும் சாகாத நாளில், முள்ளை மாற்றிவிட்டுச் சரிபார்ப்பதற்காக அந்த ரிக்கார்டைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. “யாருமில்லபா, முள்ளு பாக்கறேன்” என்று அவர் கையை ஆட்டினார். பொழுது சாய்வதற்குள் நாலு வீடு தள்ளி, படுக்கையில் கிடந்த ஒரு பெரியவர் போய்விட்டார். எப்படியும் போக வேண்டியவர்தான். ஆனால் தெரு அப்படி நினைக்கவில்லை. அன்று மைக்செட்காரர் முகத்தைப் பார்த்தேன். அதில் வருத்தம் இல்லை. எழுதின தீர்ப்பை மேலே ஒருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதுபோல ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு முதன்முதலாக அவரைப் பிடிக்காமல் போனது அன்றுதான்.

எனக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் இடம் அமைந்தது. நல்ல குடும்பம். மாமியார் சகுனம் பார்ப்பதில் கெட்டிக்காரி என்று சொன்னார்கள். எந்த மாமியார் இல்லை? மாப்பிள்ளையின் தாய்மாமன் மதராஸில் சினிமா ஸ்டுடியோ ஒன்றில் விளக்கு வேலை பார்த்தவர். தாலி கட்டுவதற்கு முந்தின சாயங்காலம் வரவேற்புக்கு அவர் ஒரு கிட்டார் வித்துவானை அழைத்து வந்தார். வயதானவர். ஆயிரம் சினிமாப் பாட்டுக்குப் பின்னால் வாசித்தவராம், பெயர் எதிலும் வராதாம். கடைசியாகத் தன் சொந்த மெட்டுகளை ஒரே ஒரு ரிக்கார்டாகக் கொடுத்தாராம், அதை யாரும் வாங்கவில்லையாம். இதையெல்லாம் தாய்மாமன் பெருமையாக மைக்கில் சொன்னார். மைக்செட் வேறு யார்? அவர்தான். மேடைக்குப் பக்கத்து அறையில் பெட்டிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வித்துவான் சினிமாப் பாட்டுகளை வாசித்தார். கூட்டம் கைதட்டியது. நான் மாப்பிள்ளை பக்கத்தில் கழுத்து நோக உட்கார்ந்திருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பிறகு அவர், “இது என் சொந்தச் சரக்கு” என்று சிரித்துக்கொண்டே சொல்லி ஒரு மெட்டைத் தொடங்கினார். துள்ளலாக இருந்தது. பிள்ளைகள் தாளம் போட்டார்கள். நான் மட்டும் நிமிர்ந்து காதைக் கொடுத்தேன். எங்கேயோ கேட்ட நடை. வேகமாகப் போகிறது, குரல் மேலே இருக்கிறது, ஆனால் வளைகிற இடமெல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரிகிறது. முன் வரிசையில் ஒருத்தி வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தாள். அடுத்தவள் அவள் முகத்தைப் பார்த்தாள். தாளம் ஒவ்வொரு கையாக நின்றுபோனது.

“யாரும்மா செத்துட்டாங்க?” என்று ஒரு குழந்தை கேட்டது. பந்தல் முழுக்கக் கேட்டது.

அந்த நிமிஷம் குழாயில் சத்தம் அறுந்தது. வித்துவானின் கை இன்னும் கம்பியில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மேலே விளக்கைப் பார்த்தார், மின்சாரம் போகவில்லை. என் மாமியார் எழுந்து, “பொழுது விடிஞ்சா தாலி. இன்னிக்கி என் புள்ளைக்கி இந்தப் பாட்டா?” என்று கேட்டுவிட்டு மாமனாரைத் தனியாக அழைத்துக்கொண்டு போனாள். கல்யாணம் நிற்கப் போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா என்னைக் கையைப் பிடித்து மேடைக்குப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனாள். அங்கேதான் மைக்செட்காரர் இருந்தார். குமிழ் மேல் அவர் கை. சத்தத்தை நிறுத்தியவர் அவரே.

வித்துவான் பின்னாலேயே வந்தார். “ஏம்பா நிறுத்தினே?”

“ஐயா, உங்க ரிக்கார்டு என்கிட்ட இருக்குது. எங்க ஊர்ல அது சாவுக்குப் போடறது.”

கிழவர் பிளேயரைக் காட்டினார். “எப்படிப் போடறே? காட்டு.”

மைக்செட்காரர், எங்கே போனாலும் கூட வரும் ரிக்கார்டுப் பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்தார். ‘சாவு’ என்ற சீட்டை என் அம்மா பார்த்துவிடாமல் கையால் மறைத்துக்கொண்டார். வெளிக்குழாயை அணைத்துவிட்டு மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டார். அந்தக் கனத்த அழுகை அறைக்குள் எழுந்தது. வித்துவான் அரை நிமிஷம் கேட்டார். அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு குனிந்து, பிளேயரில் வேகத்தை மாற்றுகிற சின்னக் குமிழைத் தள்ளினார்.

ரிக்கார்டு வேகம் பிடித்தது. அழுகை மேலே ஏறி, லேசாகி, குழந்தை ஓடுவதுபோல ஓட ஆரம்பித்தது. மேடையில் வாசித்தாரே, அதே மெட்டு.

அந்தக் காலத்தில் சின்ன ரிக்கார்டு நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று ஓடும், பெரியது மெதுவாக முப்பத்துமூன்று. மைக்செட்காரர்கள் எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கமாட்டார்கள். அளவைப் பார்த்தே குமிழைத் தள்ளிவிடுவார்கள். பெரிய அளவிலேயே நாற்பத்தைந்தில் ஓடுகிற ரிக்கார்டுகள் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தன. சீட்டில் அச்சடித்திருக்கும். இவர்தான் சீட்டின் மேல் சீட்டு ஒட்டுகிறவர் ஆயிற்றே. பாட்டாக இருந்தால் குரல் காட்டிக் கொடுத்திருக்கும். கிட்டாருக்கு எது சொந்தக் குரல் என்று யார் கண்டது?

“என் பேத்தி நடக்க ஆரம்பிச்சப்போ போட்ட மெட்டுப்பா இது” என்றார் வித்துவான். கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

நான் கூச்சத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கெஞ்சினேன். “மாமா, மைக்ல போய் சொல்லுங்க. வேகம் மாறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

“சொல்றேம்மா” என்றார். மைக்கை எடுத்தார். ஊதிப் பார்த்தார். “லைன்ல சின்னக் கோளாறு, மன்னிச்சுக்கங்க” என்றார். நாதஸ்வர ரிக்கார்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

என்னைக் காப்பாற்றினவர் என் வீட்டுக்காரர்தான். “காலைல நான் கட்டத்தான் போறேன்” என்று தன் அம்மாவிடம் ஒரே பிடியாக நின்றார். கட்டினார். ஆனால் வீட்டுக்குள் நான் ‘சாவுப் பாட்டோட வந்தவ’ ஆகிவிட்டேன். தறியில் இழை அறுந்தால் என் முகத்தைப் பார்ப்பார்கள். யாராவது வெளியே கிளம்பினால் என்னை உள்ளே போகச் சொல்வார்கள். நடந்ததை நான் சொல்லாமல் இல்லை. “நீ சொல்றே. மைக்செட்காரரு சொல்லலியே? அவரு காது தப்பாதுன்னு ஊருக்கே தெரியும்” என்பாள் மாமியார். மாமனார் நெஞ்சுவலியில் படுத்தபோது அவருக்கு மருந்து கொடுக்கிற வேலையை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். அவர் போய்விட்டால் அது என் தலையில்தான் விழும் என்று அன்றே தெரிந்தது.

அம்மா வீட்டுக்குப் போனபோது நேராக மைக்செட்காரரின் கடைக்குள் நுழைந்தேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

“வந்து என் மாமியார்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா.”

அவர் ஒரு ரிக்கார்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். “சொல்லிடலாம்மா. அப்புறம் மத்ததெல்லாம் இன்னா ஆவறது? இது தப்புன்னா அதுவும் தப்பா இருக்கும்னு ஒவ்வொருத்தனா வருவான். அந்த முதலாளி வீட்டுக்காரங்க மறுபடி வந்து நிப்பாங்க. காதை எடுத்துட்டா எங்கிட்ட இன்னா இருக்குது சொல்லு?”

“என் வாழ்க்கை மாமா.”

“உனக்கு ஒண்ணும் ஆவாதுமா. உன் குரல் நல்லாத்தான் இருக்குது” என்றார். அதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு காலையில் மாமனார் போய்விட்டார். மைத்துனர் போய் மைக்செட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார். மைக்செட்காரர் வந்தார், எதிர் வீட்டு முருங்கைமரத்தைத் தவிர்த்து விளக்குக் கம்பத்தில் குழாயைக் கட்டினார். வாசலோரம் பெட்டியைப் பிரித்தார். கூடத்தில் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன், மாமனார் என்னிடம் கடைசிவரை நல்ல வார்த்தை பேசியவர். அப்போது கிட்டார் தொடங்கியது. அந்தக் கனத்த குரல், தங்கித் தங்கி. கூடத்தில் அழுகை நின்றது. மாமியார் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளைத் தொடர்ந்து ஒவ்வொருத்தியாகப் பார்த்தார்கள்.

நான் எழுந்தேன். அத்தனை பேர் பார்க்க, கூடத்தைத் தாண்டி, வாசலுக்குப் போய் அவர் பெட்டி முன்னால் நின்றேன்.

“வேகம் தப்புன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் போடறீங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. என் குரலைக் கேட்பதற்காக அந்தக் காதை என் பக்கம் சாய்த்தார். பிறகு பிளேயரை விட்டு ஒதுங்கி, எனக்கு வழிவிட்டு உட்கார்ந்தார்.

“மாத்திக்கோம்மா. நான் தடுக்க மாட்டேன்.”

கையை நீட்டினேன். சின்னக் குமிழ். ஒரு விரல் போதும். தள்ளினால் அழுகை மேலே ஏறும், லேசாகும், ஓடத் தொடங்கும், ஊருக்கே உண்மை தெரிந்துவிடும். குமிழின் மேல் விரலை வைத்தபடி திரும்பிப் பார்த்தேன். கூடத்தில் மாமனாரைக் கிடத்தியிருந்தது. தலைமாட்டில் விளக்கு. மாமியார் கழுத்தில் இன்னும் தாலி. பிணம் கிடக்கிற வீட்டில், எல்லார் கண் முன்னாலும், துள்ளுகிற மெட்டைப் போட்ட மருமகள் நான் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு எந்தச் சீட்டைக் கிழித்து என்ன?

அவருக்கு அது தெரிந்துதான் இருந்தது.

விரலை எடுத்துக்கொண்டேன். அவர் மறுபடி நகர்ந்து வந்து உட்கார்ந்து, கூடம் வரைக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.